தமாலே வேகும்வரை கோபம் கூடாது

சட்டிக்குள் காசு ஆடிக்கொண்டிருக்கிறது. கடகட, கடகட. அது ஆடுகிறவரைக்கும் கவலையில்லை, அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால் வற்றிவிட்டது, ஓரமாகக் கொஞ்சம் வெந்நீர் ஊற்ற வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் தோன்யா கூக்கா. தோன்யா என்பது பெயரில்லை, நாம் பெரியவர்களை அம்மா என்று சேர்த்துக் கூப்பிடுகிறோமே, அதுமாதிரி மெக்சிகோக்காரர்கள் பெண்களின் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வது, ஆண் என்றால் தோன். காசு நல்ல யோசனைதான். எங்கள் வீட்டிலும் பால் காய்ச்சும்போது பாத்திரத்துக்குள் ஒரு சின்னத் தட்டைப் போட்டுவைப்பார்கள், பொங்கப்போகும்போது அது சத்தம் போடும். ஆகவே காசில் எனக்கு ஆட்சேபணையில்லை. அவர் சொன்ன இன்னொன்றுதான் இடிக்கிறது. தமாலே வேகிற நேரத்தில் சமைக்கிற ஆள் கோபப்படக் கூடாதாம். பட்டால் வேகாதாம். நாள் முழுக்க அடுப்பில் கிடந்தாலும் உள்ளே மாவு மாவாகவே நிற்குமாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆத்திரக்காரனுக்குக் கொழுக்கட்டையும் மட்டு என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். ஆமாம், தமாலே என்றால் கிட்டத்தட்ட கொழுக்கட்டைதான், சோள மாவுக்குள் கறியோ காயோ வைத்து, சோளக்கதிரின் காய்ந்த மட்டையில் மடித்து, ஆவியில் வேகவைப்பது. நான் உணவியல் படித்துப் பட்டம் வாங்கியவன். கோபத்துக்கும் சோள மாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சட்டி அடுப்பில் ஏறியதிலிருந்து கல்யாண வரவேற்பில் நிற்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மத்தியானம் வகுப்பு முழுவதும் சாப்பிட வருகிறது. வேகவில்லை என்றால் அவர்களிடம் மாவுச்சத்தின் குணங்களைப் பற்றி உரையாற்ற முடியாது.

எல்லாம் அந்தப் பொம்மையால் வந்தது. இல்லாவிட்டால் அமெரிக்காவில் ஃப்ரெஸ்னோ நகரத்துத் தேவாலயக் கூடத்தின் சமையலறையில், விருதுநகர்ப் பரிதிக்கு இந்தப் பிப்ரவரிக் காலையில் என்ன வேலை? இங்கே வாரம் ஒருநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பு நடத்துகிறேன், வருகிறவர்கள் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களிலும் பழம் பொதியும் கொட்டகைகளிலும் உழைத்து ஓய்ந்த மெக்சிகோப் பெண்கள். போன மாதம் ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, வளையம்மாதிரி ஒரு பெரிய இனிப்பு ரொட்டி கொண்டுவந்தார்கள். விரல் கனத்துக்கு ஒரு துண்டு போதும் என்று நானே அளந்து வெட்டினேன், பெருந்தன்மையோடு எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கடியில் பல்லில் ஏதோ பட்டது. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றில் கல் கிடந்தால் நாம் என்ன செய்வோம்? ஊரைக் கூட்டுவோமா? சத்தமில்லாமல் எடுத்து இலையோரம் தள்ளிவிட்டு, குழம்பு பிரமாதம் என்போம். அதைத்தான் செய்தேன். கைக்குட்டையில் வாங்கிப் பார்த்தால் நகத்தளவு வெள்ளைப் பொம்மை. பாவம், செய்தவர்கள் கைதவறிப் போட்டுவிட்டார்கள், தெரிந்தால் சங்கடப்படுவார்கள் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் ஆளாளுக்கு “குழந்தை யார்கிட்ட, குழந்தை யார்கிட்ட” என்று கேட்க ஆரம்பித்தார்கள். யாரோ பேரப்பிள்ளையைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன், கழிப்பறைப் பக்கம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தோன்யா கூக்காதான் கடைசியில் கேட்டார்: “தோன் பரி, உங்க சட்டைப் பையில யாரு தூங்குறாங்க?” ரொட்டிக்குள் வைப்பது பாலன் இயேசுவாம். யார் துண்டில் கிடைக்கிறதோ அவர்கள் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று, எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டுமாம். செலவுக்கும் வேலைக்கும் பயந்து பொம்மையை ஒளிக்கிற ஆட்கள் அவர்களிடமும் உண்டாம், விழுங்கிவிடுகிறவர்கள்கூட உண்டாம். என்னை அந்தச் சாதிக் கள்ளன் என்று நினைத்துக் கூடமே சிரித்தது. நான் விளக்கம் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. ஒன்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் நான் அவர்களுக்குப் பழுப்பரிசியும் மீனும் படம் போட்ட தாளை நீட்டுகிற உத்தியோகஸ்தன், நான் என்ன சொன்னாலும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வீட்டில் அவர்கள் பாட்டைப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பிறகு என்னிடம் சண்டை போட ஆரம்பித்தார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடகட, கடகட. நல்ல பிள்ளை. தோன்யா கூக்கா மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிஞ்சிய சோள மட்டையைக் கிழித்துச் சட்டியின் காதுகளில் குஞ்சம் கட்டியிருக்கிறார், திருஷ்டி கழிக்கிற மாதிரி. வயது அறுபதுக்குப் பக்கம், உருண்டை முகம், கன்னத்தில் குழி, பாதத்தில் பூப்போட்ட செருப்பு. அவர் பேசுவது ஸ்பானிஷ்தான், ஆனால் அந்த மொழியை நான் புத்தகத்தில் படிக்காமல் இந்தப் பெண்களிடமே திட்டுவாங்கிக் கற்றுக்கொண்டதால், என் தலைக்குள் அது விருதுநகர்த் தமிழாகத்தான் வந்து இறங்குகிறது. காலையில் பன்றிக் கொழுப்புக்காக ஒரு சண்டை நடந்தது. பாதி போதும் என்றேன் நான். பாதி போட்டா அது தமாலே இல்ல, பூசுற சாந்து என்றார் அவர். கடைசியில் பாதிக்கொழுப்பு, மீதிக்குக் கோழி வேகவைத்த சாறு என்று முடிந்தது. உள்ளே வைப்பதிலும் ஆளுக்குப் பாதி, அவருக்குக் கோழியும் பச்சை மிளகாயும், எனக்குச் சப்பாத்திக்கள்ளி. நம் ஊரில் ஆடு உள்ளே வராமல் இருக்க வேலியில் வைக்கிற அதே கள்ளியை இவர்கள் முள் நீக்கிப் பொரியல் பண்ணுகிறார்கள், நார்ச்சத்து அபாரம், சர்க்கரைக்கு அவ்வளவு நல்லது. ஊரில் இதைச் சொன்னால் அமெரிக்கா போயும் இவனுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம்போல என்று வருத்தப்படுவார்கள். மாவு பதமாகிவிட்டதா என்று பார்க்க அவர் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டார், அது மிதந்தது, எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. “எங்க ஊர்ல உளுந்து மாவையும் இப்படித்தான் பாப்போம்” என்றேன். “அப்ப உங்க ஊர்லயும் புத்தியுள்ள பொம்பளைங்க இருக்காங்க” என்றார். இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் புத்தியுள்ள பெண்மணியே, ஏன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், வேண்டாம், பரிதி, அந்தப் பக்கம் போகாதே, சட்டி அடுப்பில் இருக்கிறது.

ஊசி. அந்தப் பக்கம் போகாதே என்றாலும் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, வலிக்கிற பல்லை நாக்கு தேடுகிற மாதிரி. எங்கள் மருத்துவமனை மருத்துவர் தோன்யா கூக்காவுக்கு இன்சுலின் எழுதி நாளாகிவிட்டது. மாத்திரைகள் கைவிட்டுவிட்டன, சிறுநீரகம் முனக ஆரம்பித்துவிட்டது, இனி தள்ளிப்போட்டால் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விடும் என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரானால் “சரிங்க டாக்டர்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார், சர்க்கரை அளவு மட்டும் இறங்கவேயில்லை. போட்டுக்கொள்ளவில்லை என்று குழந்தைக்கும் தெரியும். “உங்க பேச்சைத்தான் கேப்பாங்க, நீங்களே பாத்துக்கோங்க” என்று மருத்துவர் என் தலையில் கட்டிவிட்டார். எனக்குக் காரணமும் தெரியும். அவருடைய தம்பி இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு பார்வையை இழந்தாராம், வகுப்பில் ஒருதரம் சொன்னார், சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினார். இன்சுலின் கண்ணைக் குருடாக்கும் என்று இவர்களில் பலர் நம்புகிறார்கள் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொன்னார்கள், நோயாளியின் பண்பாட்டை மதித்து நம்பிக்கையைப் பக்குவமாக மாற்றுவது எப்படி என்று ஒருநாள் முழுக்கப் பயிற்சி, மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். நான் அதை வைத்துப் படமெல்லாம் வரைந்து ஒரு பேச்சே தயார் செய்து வைத்திருக்கிறேன். கண்ணைக் கெடுப்பது ஊசியில்லை, ஊசி வருவதற்கு முன்னால் வருடக்கணக்காக ஓடிய சர்க்கரை. எவ்வளவு எளிமை. எங்கள் அப்பாவுக்கும் இதையேதான் தொலைபேசியில் கத்துகிறேன். அவர் “ஊசின்னு ஆரம்பிச்சா கணக்க முடிக்கப் போறாங்கன்னு அர்த்தம்டா” என்று கருப்பட்டி மிட்டாயைக் கடித்துக்கொண்டே பதில் சொல்கிறார், கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. உலகத்துச் சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல. இன்றைக்கு இரண்டுபேர் மட்டும் தனியாக இருக்கிறோம், பேச்சைப் பேசிவிட இதைவிட நல்ல நேரமில்லை. பேசினால் அவர் மறுப்பார், மறுத்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் தமாலே வேகாது. என்ன சிக்கல் பார். பல்லைக் காட்டு, பரிதி, பல்லைக் காட்டு.

காசு நின்றுவிட்டது. எப்போது நின்றது? நினைப்பு அப்பாவிடம் போனபோது நின்றிருக்கும். “தண்ணி, தண்ணி” என்று தோன்யா கூக்கா எழுந்து வந்துவிட்டார், நான் பக்கத்து அடுப்பிலிருந்து கெட்டிலைத் தூக்கினேன், அவர் மூடியை ஒருபக்கம் லேசாகச் சாய்த்துப் பிடிக்க நான் ஓரமாக ஊற்றினேன், ஆவி கண்ணை மறைத்தது, கெட்டில் சட்டியின் விளிம்பில் தட்டி வெந்நீர் தெறித்துக் கீழே சிந்தியது. அவருடைய பூப்போட்ட செருப்பின் மேல், செருப்புக்கு வெளியே தெரிகிற பாதத்தின் மேல். கொதிக்கிற தண்ணீர். நான் ஐயோ என்றேன். அவர் “என்ன ஆச்சு?” என்று என் கையைப் பார்த்தார். என் கையை. எனக்குச் சுட்டுவிட்டது என்று நினைத்து என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்க்கிறார், இவருடைய பாதம் சிவந்துகொண்டிருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை, காலுக்கும் தலைக்கும் நடுவே கம்பி அறுந்து கிடக்கிறது. படித்திருக்கிறேன், படம் காட்டியிருக்கிறேன், சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போகும் என்று வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறேன், ஆனால் இப்படி ஒரு மனுஷியின் கால் தனியாக, கேட்பாரில்லாமல், சத்தம் போடாமல் வேகுவதைப் பார்த்ததில்லை. அவரை உட்காரவைத்து, பாத்திரம் கழுவுகிற தொட்டியை எடுத்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, செருப்பைக் கழற்றி, பாதத்தை உள்ளே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, மேலோடுதான், கொப்புளம்கூட வராது. தோன்யா கூக்கா வெட்கப்பட்டுக் காலை இழுக்கப் பார்த்தார். “விடுங்க தோன் பரி, வலிக்கவே இல்ல” என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். வலிக்கவில்லை என்பதுதானே தாயே பிரச்சினை! மறுபடி தண்ணீரை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். காசு திரும்ப ஆட ஆரம்பித்திருந்தது, கடகட, கடகட, இப்போது அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“உங்களுக்குக் கோவம்” என்றார். இல்லை என்றேன். “மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. தமாலே கெட்டுரும்.” இல்லைங்க, கோபமே இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “கோவத்த உள்ள வச்சுக்கிட்டுப் பல்லக் காட்டுனா அது இன்னும் மோசம். சட்டிக்குத் தெரியும். வெளிய சொல்லிரணும், மிஹோ” என்றார். மிஹோ என்றால் மகனே. தோன் பரியிலிருந்து மகனுக்கு இறங்கிவிட்டேன், அல்லது ஏறிவிட்டேன். “யார் மேல கோவமோ அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லி, சண்டைய முடிச்சிரணும். அப்பத்தான் வேகும்.” இப்படி ஒரு பரிகாரமா! தொட்டித் தண்ணீரில் இருந்த அந்தப் பாதத்தைப் பார்த்தபடியே, தயாரித்து வைத்த பேச்சு எல்லாம் மறந்துபோய், நான் பேச ஆரம்பித்தேன், ஸ்பானிஷில் இலக்கணம் பாதி, கோபம் பாதி. உங்கள்மேல்தான் கோபம். ஊசி எழுதி எத்தனை நாளாயிற்று, ஏன் போடவில்லை? ஊசி கண்ணைக் குருடாக்காது. அது பொய். உங்களுக்குப் புத்தியில்லாமல் இல்லை, மாவு மிதப்பது தெரிகிறது, காசு நிற்பது தெரிகிறது, உங்கள் கால் சுடுவது தெரியவில்லை, நாளைக்கு அடுப்பே சாய்ந்தாலும் தெரியாது, அப்புறம் நான் இந்த வகுப்பில் யாரிடம் சண்டை போடுவது? பயமாக இருக்கிறது தோன்யா கூக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு அழப்போகிற உணவியலாளனைப் பயிற்சி வகுப்பில் யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

அவர் பாதத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “அந்தக் குளிர்பெட்டியத் தெறங்க. வெண்ணெய் டப்பா ஒண்ணு இருக்கும், பச்சை மூடி” என்றார். திறந்தேன். மெக்சிகோ வீடானாலும் நம் வீடானாலும் வெண்ணெய் டப்பாவில் வெண்ணெய் மட்டும் இருக்காது. உள்ளே இன்சுலின் பேனாக்கள், மாட்டுகிற ஊசிகள், முத்திரை பிரிக்காமல். எழுதின அன்றைக்கே வாங்கிவிட்டாராம். வகுப்பு நாளெல்லாம் கொண்டுவந்து இங்கே வைப்பாராம், வகுப்பு முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு போவாராம். நான் வாயைத் திறந்தேன். “ஊசி கண்ணக் கெடுக்காதுன்னு எனக்குத் தெரியும்” என்றார், “நீங்க படம் போடுறதுக்கு முன்னாலயே தெரியும். மெக்சிகோவுல, மிச்சோவகான்ல, எங்க தெருவுக்கே ஊசி போடுறவ நான். அங்க டாக்டர் எழுதிக் குடுப்பாரு, போட்டுவிட நர்ஸெல்லாம் கெடையாது, தெருவுல யாருக்குக் கை பழகியிருக்கோ அவகிட்டப் போவாங்க. காய்ச்சல், இருமல், சத்து ஊசி, எல்லாம் நான்தான். புள்ளைங்க அழுகாதுங்க. இவ கை பட்டா நோய் ஓடிரும்னு சொல்லுவாங்க.” பக்கத்துச் சுவரைப் பார்த்தார். “என் தம்பி சேமாவுக்கும் நான்தான் போட்டேன். இன்சுலின். தெனமும். வேற யாரையும் தொட விடமாட்டான், அக்காதான் போடணும்பான். கண்ணு போயிருச்சு. அவன் ஒரு வார்த்த சொல்லல. சக்கரதான் கண்ண எடுத்துச்சு, எனக்குத் தெரியும். தலைக்குத் தெரியுது, தோன் பரி. கைக்குத் தெரியல. அந்தப் பேனாவ எடுத்தா இந்தக் கை நடுங்குது.” கையை நீட்டிக் காட்டினார், சோள மாவு நகக்கண்ணில் ஒட்டியிருந்தது.

இத்தனை நாளும் நான் அவர்களுடைய நம்பிக்கை, அவர்களுடைய பண்பாடு என்று பொத்தாம்பொதுவாகப் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, தோன்யா கூக்கா என்கிற ஒரு மனுஷியை ஏன் என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பயிற்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது, ஏனென்றால் இந்த வியாதி எனக்குத் தெரியும், பெயரும் தெரியும். கைராசி. எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார், டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க, கம்பவுண்டர் வரட்டும் என்று ஜனம் காத்துக் கிடக்கும். கடையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்க வேண்டும், புதுக்கணக்கில் முதல் எழுத்தை யார் போட வேண்டும், எல்லாம் கை பார்த்துத்தான். கைராசி உள்ளவருக்குக் கை ராசியில்லாமல் போய்விட்டது என்று ஒருநாள் தோன்றிவிட்டால் அவரைவிட அனாதை யார்? இதற்கு மருந்து புள்ளிவிவரம் இல்லை. “அப்ப வேற கைதான் வேணும்” என்றேன். “எங்க ஊர்ல அப்படித்தான். ஒரு கை ஒத்துவரலன்னா வேற கைய வச்சு ஆரம்பிப்போம். அப்புறம் பழைய கைக்கும் தைரியம் வந்துரும்.” தோன்யா கூக்காவின் முகத்தில், இத்தனை நேரம் கழித்து, அந்தக் கன்னக்குழி விழுந்தது. “இதக் கேக்கத்தான் டப்பாவத் தூக்கிக்கிட்டு அலையிறேன். உங்களக் கேக்க வெக்கமா இருந்துச்சு” என்றார். என்னையா? “உங்க கைதான். ஆனா நல்ல கையான்னு தெரியணும்ல? சட்டியத் தெறப்போம். வெந்திருந்தா நல்ல கை. வேகலன்னா டப்பா வீட்டுக்குப் போகுது.”

இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெண்மணியின் சிறுநீரகம், கண், கால், எல்லாம் இப்போது ஒரு சோளக் கொழுக்கட்டையின் மேல் நிற்கிறது, அதுவும் நான் கோபப்பட்டுக் கத்தின கொழுக்கட்டை. மாவுச்சத்துக்குக் காது கிடையாது, கிடையாது, கிடையாது. இருந்தாலும் கத்தினோமே! சண்டையை முடித்தாயிற்றா? முடித்தாயிற்று என்றுதான் நினைக்கிறேன், முறைப்படி முடித்தால்தான் செல்லுமோ என்னவோ. “எனக்குக் கோவம் போயிருச்சு” என்று சத்தமாக, சட்டிக்குக் கேட்கிற மாதிரி, சொல்லிவைத்தேன். அதற்கும் மேலே இன்னொரு பயம், அதை எப்படிச் சொல்வது. எனக்கு ஊசி என்றால் ஆகாது. வகுப்பில் நான் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது பாத்திரம் தேய்க்கிற ஸ்பஞ்சில். ஸ்பஞ்சு எனக்குப் பழக்கம், ஸ்பஞ்சில் நான் சூரன். மனுஷத் தோலில் ஊசி இறங்குகிற இடத்தில் என் கண் தானாக மூடிக்கொள்ளும், டாக்டருக்குப் படிக்காமல் போனது மார்க் குறைந்ததால் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், மார்க் எல்லாம் இருந்தது. தோன்யா கூக்கா அடுப்பை அணைத்தார். மூடியைத் தூக்கினார். சோளமும் மிளகாயும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது, பசி வந்தது, பயத்திலும் பசி வருகிறது. ஒன்றை எடுத்து மட்டையைப் பிரித்தார். மாவு மட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வழவழவென்று, பச்சையாக. என் கண்ணில் ஆவி பட்டதா வேறு ஏதாவதா தெரியவில்லை. “அவ்வளவுதானா?” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “சட்டியில இருந்து எடுத்த உடனே எதுய்யா கெட்டியா இருக்கும்? ஆறட்டும். பொறுமையே கெடையாது உங்களுக்கு.”

ஆறட்டும் என்றார், ஆறுகிறதுக்குள் நான் வெந்துவிட்டேன். குளிர்ச்சி போகட்டும் என்று பேனாவை வெளியே எடுத்து வைத்தேன், தமாலேயும் பேனாவும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று ஆற, ஒன்று சூடேற. தோன்யா கூக்கா இன்னொரு தமாலேயைக் கையிலெடுத்து, குழந்தையின் துணியை விலக்குகிற மாதிரி மெதுவாக மட்டையை விலக்கினார். கழன்றது. ஒரு துணுக்கு ஒட்டாமல், சுத்தமாக, மட்டையின் வரிகள்கூட மாவின் மேல் பதிந்திருக்க, கழன்று வந்தது. நான் சத்தம் போட்டுக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தினேன். “நல்ல கைதான்” என்றார் அவர், பிய்த்து என் வாயில் ஒரு துண்டு வைத்தார், சுட்டது, கள்ளி புளித்தது, பாதிக்கொழுப்புக்கு எவ்வளவு ருசி! அப்புறம் அவர் மேல்சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்குத் தள்ளி ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். துண்டை அவசரமாக விழுங்கினேன். நான் போடுவதற்கு எனக்கு அனுமதியில்லை, கற்றுக்கொடுக்கத்தான் அனுமதி, நீங்கள் பிடியுங்கள், உங்கள் கைமேல் நான் கை வைக்கிறேன் என்றேன். “ரெண்டு கை சேந்திருந்தா எந்தக் கைன்னு ஊசிக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. “எங்க ஊர்ல மேல இருக்கிற கைதான் கணக்கு” என்றேன், இப்படி ஒரு சாஸ்திரம் எங்கள் ஊரில் இல்லை, இனிமேல் உண்டு. அவர் தலையாட்டினார். ஊசியை மாட்டினார், நுனியில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்த்தார், மருத்துவர் எழுதின அளவுக்குத் திருகினார், எல்லாம் தெருவுக்கே ஊசி போட்டவரின் லாவகம், பேனாவை வயிற்றருகே கொண்டுபோன இடத்தில்தான் நடுக்கம் வந்தது. நான் என் கையை அதன்மேல் வைத்தேன். என் கையும் நடுங்கியது. இரண்டு நடுக்கமும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆடி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எப்படியோ நின்றது. அவருடைய உள்ளங்கை சூடு, சோள வாசனை, வெளியே வகுப்புக்காரர்களின் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், அழுத்துகிறேனா அவர் அழுத்துகிறாரா, அப்பா, அடுத்த தரம் தொலைபேசியில் கத்தமாட்டேன், யார் கை வேண்டும் என்று கேட்கிறேன், கேட்டால் சொல்வாரோ என்னவோ, இதோ, இதோ, ஊசி இறங்கியிருக்குமா, இன்னும் இல்லையா, அவர் ஏன் சத்தமே போடவில்லை, ஏன் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு என் கைக்கடியில் அவருடைய கை குலுங்குகிறது, அழுகிறார் என்று நினைத்தேன், இல்லை, சிரிக்கிறார்.

“முடிஞ்சிருச்சு, மிஹோ, கண்ணத் தெறங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் மூடிக் கெடக்கு.”